பட்டறையில் விழுந்த அடி

ஒரகடம் பக்கத்தில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் நான் சூப்பர்வைசராக இருந்தேன். ஒரு நாள் அச்சு உடைந்து லைன் நின்றுவிட்டது. மேனேஜர் வந்தார். என்ன ஏது என்று கேட்கவில்லை. லைனில் இருந்த அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, என் கன்னத்தில் ஓங்கி அறைந்தார். பல்லில் பட்டு நாக்கு கிழிந்தது. ரத்தத்தை விழுங்கிக்கொண்டு "சாரி சார்" என்றேன். அடியின் வலி இரண்டு நாளில் போனது. அந்த "சாரி சார்" போகவில்லை.

மறுமாதம் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தேன். அப்பா கவர்மெண்ட் பரீட்சை எழுதச் சொன்னார். எனக்கு எவன் கீழேயும் நிற்கப் பிடிக்கவில்லை. கூட்டேரிப்பட்டில் ஹைவே ஓரம் ஒரு தகரக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்து, மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைக்கும் மெஷின் செய்யும் பட்டறை போட்டேன்.

எனக்கு வரைபடம் போடத் தெரியும், அளவு எடுக்கத் தெரியும். வெல்டிங் தெரியாது. அதற்கு வானூர்க்காரர் ஒருவரைச் சேர்த்துக்கொண்டேன். என் வயதுதான் இருக்கும். இரும்பைத் தட்டி, சத்தத்தை வைத்தே விரிசல் சொல்லுவார். என்னை "ஓனரே" என்றுதான் கூப்பிடுவார், பாதி மரியாதை, பாதி கிண்டல்.

சின்ன மெஷின்கள் நான்கு செய்து கொடுத்தோம். எல்லாம் நன்றாக ஓடின. பிறகு ஒரு வியாபாரி இரண்டு மடங்கு பெரிய மெஷின் கேட்டார், பன்னிரண்டு நாளில். வெல்டரைக் கேட்காமலே சரி என்றேன்.

பதின்மூன்றாம் நாள் மத்தியானம் வியாபாரியே தன் ஆட்களோடு வந்து நின்றார். எதிரே டீக்கடையில் இருந்தவர்களும் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். நான் சுவிட்சை நோக்கிப் போனேன். வெல்டர் குறுக்கே வந்தார். சுழலும் உருளையைத் தாங்கும் தண்டைக் காட்டினார்.

"ஷாஃப்ட் ஆடுது ஓனரே. அதைக் கடைஞ்சு சரிபண்ற லேத்துக்காரர் நாளைக்குத்தான் வர்றாரு. இன்னிக்கு ஓட்டாதே."

"அவரு எவ்ளோ நேரமா நின்னுக்கினு இருக்காரு. தள்ளுய்யா."

"சத்தியமா தாங்காது. இவ்ளோ பெருசு நம்மளால ஆவாதுன்னு மொதல்லயே சொல்லிருப்பேன். நீ என்னைக் கேக்கவே இல்ல."

எல்லார் முன்னாலும் அவர் அப்படிச் சொன்னதும் எனக்குக் கண் மண் தெரியவில்லை. "கூலிக்கு வந்தவன் கூலிக்காரனா இரு" என்று கத்தி அறைந்தேன். அவருடைய உதடு பிளந்து மோவாயில் ரத்தம் வழிந்தது. அவர் பதிலுக்குச் சட்டையைப் பிடித்து என்னைத் தகரச் சுவரில் மோதினார். ஸ்பேனரை எடுத்து வீசினேன், அவர் தோளில் பட்டது. இரண்டு பேர் எங்களைப் பிரித்துவிட்டார்கள். பிரித்த கையோடு நான் ஓடிப்போய் சுவிட்சைப் போட்டேன்.

முதலில் நன்றாகத்தான் சுற்றியது. பிறகு மெஷின் மொத்தமும் குதிக்க ஆரம்பித்தது. மூடி நழுவாமல் இருக்க இடது கையால் அழுத்தினேன். எவ்வளவு மடத்தனம் அது! உருளை பேரிங்கைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்தது. மூடி பறந்தது. கையைப் பார்த்தேன். நடுவிரலும் மோதிர விரலும் இல்லை.

வியாபாரியும் ஆட்களும் ஒதுங்கிவிட்டார்கள். வெல்டர்தான் ஓடிப்போய் மெயினை அணைத்தார். தன் சட்டையைக் கழற்றி என் கையில் சுற்றி இறுக்கினார். பைக்கில் ஏற்றினார்.

"நல்ல கையால என் இடுப்பைப் புடி. வுட்டே, ரோட்டுலயே தள்ளிட்டுப் போய்டுவேன்."

திண்டிவனம் வரை என்னைத் திட்டிக்கொண்டே ஓட்டினார். பெத்தவங்க, பொறந்தவங்க, படிச்ச படிப்பு, எதையும் விடவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்து, என்ன நடந்தது என்று கேட்டார்.

"இவன் என்னை அட்ச்சான் சார். மெஷின் இவனை அட்ச்சிது" என்றார் வெல்டர்.

அதோடு அவர் பட்டறைக்கு வரவில்லை. கிளியனூரில் சொந்தமாகக் கடை போட்டுவிட்டதாகக் கேள்விப்பட்டேன். கட்டு பிரித்ததும் போனேன். அவர் மனைவிதான் முதலில் பேசினார்.

"இங்க வந்து மெதுவா மன்னிப்பு கேட்டா? அன்னிக்கு எத்தினி பேரு பாத்தாங்க? அவங்க முன்னால கேளுங்க."

மறுநாள் காலை கூட்டேரிப்பட்டு டீக்கடையில், கூட்டம் இருக்கும் நேரத்தில், வெல்டரை வரச் சொல்லி, பக்கத்தில் நிற்கவைத்துச் சொன்னேன்: "தப்பு என் மேலதான். இவரு வேணாம்னாரு. நான் கை நீட்டிட்டேன்." யாரோ சிரித்தார்கள். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

"திரும்ப வர்றீங்களா?" என்றேன்.

"வர மாட்டேன். ஆளை வெச்சு வேலை வாங்க உனக்குத் தெரியல. அளவு எடுக்கத் தெரியுது. அளவு எடுத்துக் குடு. செய்ய முடியுமா முடியாதான்னு நான் சொல்றேன்."

கொட்டகையைக் காலி செய்தேன். இப்போது நான் விழுப்புரம், திண்டிவனம் என்று சுற்றி விவசாயிகளிடம் பேசி, வரைபடம் போட்டுக் கிளியனூருக்கு எடுத்துப் போகிறேன். போன வாரம் அவர் ஒரு படத்தைப் பார்த்துவிட்டு முடியாது என்று திருப்பித் தந்தார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அன்று அறைந்த கையைப் பேண்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு, ஏன் முடியாது என்று கேட்டேன். அவர் சொல்ல ஆரம்பித்தார்.