தட்டிக்கு இந்தப் பக்கம் நஸ்லின்

"வாய மூடிக்கிட்டு இரிங்க. கதைச்சா பிரசர் கூடும்" என்று சொல்லியபடியே வங்கி முகாமையாளரின் இடது கையில் பட்டியைச் சுற்றுகிறார் நஸ்லின். முகாமையாளர் வாயை மூடிக்கொள்கிறார். ஆனால் வலது கையால் தொலைபேசியைக் காதில் வைத்து யாரோ சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். நஸ்லின் காற்றடிப்பதை நிறுத்திவிட்டு அந்த வலது கையையே பார்க்கிறார். ஏசவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. அரை நிமிடம் அப்படிப் பார்வை பட்டதும் தொலைபேசி தானாகச் சட்டைப் பைக்குள் போய்விடுகிறது. அதற்குப் பிறகுதான் அவர் பம்பை அழுத்துகிறார்.

கல்முனை பிரதான வீதியிலிருந்து பிரியும் ஓர் ஒழுங்கையில் இருக்கிறது அந்தச் சனல் சென்டர். இருதய நோய் நிபுணர் அர்ஹம் பின்னேரம் நான்கு மணிக்கு வந்து அங்கே நோயாளிகளைப் பார்ப்பார். நான்கு மணி என்பது நான்கரையாகலாம், ஐந்துமாகலாம். நஸ்லின் மூன்றே முக்காலுக்கு வந்து, நம்பர்த் துண்டுகளை அடுக்கி, தனக்கு ஒரு பிளேன்டி, பால் சேர்க்காத தேநீர், ஊற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நம்பர் கூப்பிடுவது, பிரசர் பார்த்துத் துண்டில் எழுதுவது, "ஒரு சொல்லுத்தான் கேட்கணும்" என்று முந்தி நுழைய வருகிறவரைத் தடுப்பது, இவைதான் அவருடைய வேலைகள். தாதிமாரை அழைப்பதுபோல எல்லோரும் அவரையும் "மிஸி" என்றே அழைக்கிறார்கள். "நான் மிஸி இல்ல, நம்பர் கூப்புடுற ஆள்" என்று ஒவ்வொரு தடவையும் திருத்துகிறார். ஐம்பத்தொரு வயது. இந்தத் திருத்தத்தைச் சலிக்காமல் ஒன்பது வருடமாகச் செய்கிறார்.

பிரசர் சரியாக இருந்தால் எண்ணைச் சத்தமாகச் சொல்வார். "மேல நூத்தி இருபது, கீழ எம்பது. நல்லம்" என்ற அறிவிப்பைக் கேட்டு முழு மண்டபமும் அந்த ஆளைப் பொறாமையோடு பார்க்கும். கூடியிருந்தால் வாயே திறக்கமாட்டார். பட்டியைக் கழற்றிச் சுருட்டி வைப்பார், மேசைக்குக் கீழே இருக்கும் போத்தலை எடுப்பார், ஒரு கிளாஸில் தண்ணீர் ஊற்றி அவர் முன்னால் வைப்பார். அவருடைய துண்டை அடுக்கின் மேலே போட்டுவிடுவார். அடுத்ததாக உள்ளே போகிறவர் அவர்தான், அதில் யாரும் முணுமுணுப்பதில்லை. இப்போது ஊரில் இது ஒரு பேச்சாகவே ஆகிவிட்டது. "என்ன மச்சான், வாடி இரிக்காய்" என்று கேட்டால், "நேத்து நஸ்லின் ராத்தா தண்ணி தந்திட்டா" என்பார்கள். அதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

நான் மூன்று தடவை அந்தத் தண்ணீரைக் குடித்தவன். பாண்டிருப்பில் வீடு, ஓர் அரசாங்க அலுவலகத்தில் நிர்வாக உத்தியோகம். மேசையில் 'மிக அவசரம்' என்று முத்திரையிட்ட கோவைகள் முழங்கை உயரத்துக்கு இருக்கின்றன. அவற்றில் சில போன வருடத்து அவசரங்கள்.

டொக்டரின் அறைக்கும் நஸ்லினின் மேசைக்கும் இடையில் இருப்பது ஒரு பலகைத் தட்டி மட்டும்தான். உள்ளே பேசுவது வெளியே கேட்கும். அர்ஹம் திறமைசாலி, நல்ல மனிதர், கைராசிக்காரர் என்று பெயர் எடுத்தவர். ஆனால் ஓர் ஆளுக்கு அவரால் கொடுக்க முடிந்தது மூன்று நிமிடம். மருந்தை எழுதிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், எல்லோருக்கும் ஒரே ஐந்து வசனத்தைச் சொல்வார். "ஏழு மணித்தியாலம் ஒறங்குங்க. பின்னேரத்துல அரை மணித்தியாலம் நடங்க. வேலைய ஊட்டுக்குக் கொண்டுபோகாதீங்க. புள்ளைகளோட ஒண்டா இரிந்து சாப்பிடுங்க. கேக்கிற எல்லாருக்கும் ஓம் எண்டு சொல்லாதீங்க."

ஒரு நாளைக்கு நாற்பது நோயாளிகள், கிழமைக்கு ஆறு நாள், ஒன்பது வருடம். அத்தனை தடவையும் நஸ்லின் அதைத் தட்டிக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டிருக்கிறார். நாங்களெல்லாம் காசு கட்டிக் கேட்டு, ஒழுங்கையைத் தாண்டும்போதே அதை மறந்தோம். அவர் சும்மா கேட்டார், செய்தும் பார்த்தார். எனக்குத் தெரிந்தவரை டொக்டர் அர்ஹமால் முழுமையாகக் குணமான ஒரே ஆள், அவரிடம் ஒரு நாளும் நம்பர் எடுக்காத இந்த நஸ்லின்தான்.

இரவு இஷாத் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் அவருடைய வேலை முடிந்துவிடும். இது வேலைக்குச் சேர்ந்த அன்றே சென்டர் முதலாளி ஹமீட்டிடம் பேசி வைத்த நிபந்தனை. நாற்பது நம்பர் என்ற எல்லையும் அதனால் வந்ததுதான். ஒழுங்கை முனையில் கணவர் கச்சிமுகம்மது சைக்கிளோடு நிற்பார். நெல் ஆலையில் மூட்டை தூக்குகிறவர். அவர் சைக்கிளை உருட்ட, இவர் பக்கத்தில் நடக்க, கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசல் பக்கமிருக்கும் வீட்டுக்குச் சரியாக அரை மணித்தியாலம். ஏறிப் போனால் பத்து நிமிடத்தில் போகலாமே என்று ஒருநாள் கேட்டேன்.

"டொக்டர் நடக்கத்தானே சொன்ன" என்றார்.

"உங்களுக்கா சொன்னார்?"

"ஆருக்குச் சொன்னா என்ன சேர், என்ட காதுலதானே உழுந்த."

ஏழைக்குத்தான் நிம்மதி என்று கதை விடுவதற்காக இதை எழுதவில்லை. கச்சிமுகம்மதுக்கு அறுவடைக் காலம் முடிந்தால் ஆலையில் பாதி நாள் வேலையில்லை. நஸ்லின் வாங்கும் சம்பளத்தைக் கேட்டால் வாசகர்களுக்குப் பிரசர் கூடும். மூட்டை தூக்குகிறவர்களும் காவலாளிகளும் அந்த மண்டபத்தில் தண்ணீர் குடிக்கத்தான் செய்கிறார்கள். வித்தியாசம் ஒன்றை நஸ்லினே சொன்னார்: "அவங்க பட்டி கட்டக்குள்ள கண்ண மூடுவாங்க சேர். உங்கள மாதிரி ஆக்கள் மணிக்கூட்டப் பாப்பீங்க."

டொக்டர் அர்ஹமின் நாள் எப்படிப் போகிறதென்று ஊருக்கே தெரியும். காலையில் ஆஸ்பத்திரி, பின்னேரம் கல்முனை, அது முடிய அக்கரைப்பற்று, ஞாயிற்றுக்கிழமை பொத்துவில். உறக்கம் இரண்டு ஊருக்கு நடுவில் காரின் பின் ஆசனத்தில். சாப்பாடு இருபதாம் நம்பருக்கும் இருபத்தோராம் நம்பருக்கும் இடையில் மூன்று பிஸ்கட். ஓய்வெடுப்பதற்கென்றே அறுகம்பேயில் கடலைப் பார்த்தபடி ஒரு வீடு கட்டினார். அத்திவாரம் போடும்போது ஒரு தடவையும், குழாய் வெடித்தபோது ஒரு தடவையும் அங்கே போயிருக்கிறார். இப்போது அலைச்சறுக்க வரும் வெள்ளைக்காரர்கள் அதில் ஓய்வெடுக்கிறார்கள்.

ஒருநாள் அவருடைய மனைவி ஏதோ விண்ணப்பத்தில் கையெழுத்து வாங்க வந்தாராம். நஸ்லின் அவருக்குப் பதினேழாம் நம்பர் கொடுத்தாராம். உள்ளே போய் உட்கார்ந்ததும் டொக்டர் தலையை நிமிர்த்தாமல் "ஏழு மணித்தியாலம் ஒறங்குங்க" என்று தொடங்கினாராம். உண்மையா என்று நஸ்லினிடம் கேட்டேன். "ஊட்டுக் கதைய வெளிய கதைக்கப்படாது சேர்" என்றார். பொய் என்று சொல்லவில்லை.

இப்படி ஓடிக்கொண்டிருந்த இடத்தில்தான் ஹமீட்டுக்கு ஒரு யோசனை பிறந்தது. நாற்பது நம்பரை அறுபதாக்குவது, இஷாவுக்குப் பிறகு இன்னொரு சுற்று வைப்பது, இரண்டையும் கட்டி மேய்க்க நஸ்லினை மனேஜர் ஆக்குவது. சம்பளம் ஏறத்தாழ இரண்டு மடங்கு. கண்ணாடி அறை, சுழலும் கதிரை, சென்டர் செலவில் ஒரு தொலைபேசி. அந்தத் தொலைபேசியை எந்த நேரமும் நிறுத்தக்கூடாது. பெயர்ப்பலகைகூட அடித்துக்கொண்டு வந்துவிட்டார், நாலு ஆணியோடு. 'நஸ்லின் – முகாமையாளர்' என்று தங்க நிறத்தில் எழுதியிருந்தது. அதை நஸ்லினிடம் காட்டிவிட்டு, மண்டபத்தில் இருந்த எங்களுக்கும் ஒரு சுற்றுக் காட்டினார்.

எல்லோரும் ஒரே குரலில் ஒத்துக்கொள்ளச் சொன்னார்கள். வங்கி முகாமையாளர் தன் பதவி உயர்வுக் கதையை ஆரம்பத்திலிருந்து சொன்னார், நடுவில் இரண்டு தடவை மாத்திரை போட்டார். நானும் சொன்னேன். பதவி என்றால் சும்மாவா என்று நான் சொன்னதை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. டொக்டரே கதவைத் திறந்து தலையை நீட்டி, "ஓம் எண்டு சொல்லுங்க நஸ்லின், இப்பிடிச் சந்தர்ப்பம் திரும்ப வராது" என்றார். நஸ்லின் அவரை ஒரு பார்வை பார்த்தார். வலது கையில் தொலைபேசி வைத்திருப்பவரைப் பார்க்கும் அதே பார்வை.

"காக்கா, இஷாவுக்குப் புறகு நான் நடக்கிற" என்றார் ஹமீட்டிடம், அண்ணனை அழைக்கும் முறையில்.

"நடக்கிறது ஒரு வேலையா புள்ள? காலையில நடங்க."

"காலையில டொக்டர் சொல்லல்லியே."

ஹமீட் கெட்டவர் அல்ல, ஆனால் வியாபாரி. வியாழக்கிழமை அறுபது நம்பரோடு ஒத்திகை பார்ப்போம், அன்றைக்கு முடிவைச் சொல்லிவிடவேண்டும் என்றார். மனேஜராக இருக்க விருப்பமில்லை என்றால் இரவு வரை நிற்கக்கூடிய வேறு ஒருவரைத்தான் பார்க்கவேண்டிவரும் என்று மெதுவாக, பெயர்ப்பலகையைச் சட்டையால் துடைத்துக்கொண்டே சொன்னார். ஆக, ஒன்றில் கண்ணாடி அறை, இல்லாவிட்டால் வீடு. தட்டியோரத்துப் பழைய கதிரை இனி இல்லை. கச்சிமுகம்மதின் ஆலையில் அப்போது வேலை குறைந்திருந்த காலம். நஸ்லின் அன்று ஒரே நம்பரை இரண்டு தடவை கூப்பிட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை.

வியாழக்கிழமை நானும் ஒரு நம்பர் எடுத்தேன். முப்பத்தெட்டு. மண்டபம் கொள்ளாமல் சனம் ஒழுங்கை வரைக்கும் நின்றது. நஸ்லின் என் கையில் பட்டியைக் கட்டி, "மேல நூத்தி இருவத்தாறு, கீழ எம்பது. நல்லம்" என்று அறிவித்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "என்னத்துக்கு வந்த நீங்க?" என்று கேட்டார். வேடிக்கை பார்க்க வந்தேன் என்று சொல்ல முடியவில்லை. நெஞ்சு ஒரு மாதிரி இருந்தது என்றேன். அது பொய்யும் அல்ல.

"முப்பத்தெட்டு, தங்கரத்தினம்" என்று கூப்பிட்டதும் உள்ளே போனேன். டொக்டரின் முகம் மாவு பூசியதுபோல வெளிறியிருந்தது. குளிரூட்டி ஓடிக்கொண்டிருந்தும் கழுத்துப் பட்டை நனைந்திருந்தது. எழுதத் தொடங்கினார். "ஏழு மணித்தியாலம் ஒறங்குங்க. பின்னேரத்துல அரை மணித்தியாலம் நடங்க. வேலைய ஊட்டுக்குக் கொண்டுபோகாதீங்க." அதோடு நின்றுவிட்டார். பேனா தாளில் நிற்க, அடுத்த வசனம் வரவில்லை. நெற்றியைத் தேய்த்தார். ஆயிரக்கணக்கான தடவை சொன்ன வசனம்.

"புள்ளைகளோட ஒண்டா இரிந்து சாப்பிடுங்க" என்று தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து நஸ்லினின் குரல் வந்தது.

டொக்டர் சிரிக்க முயன்றார். அந்த நேரம் பள்ளியில் இஷாவுக்குப் பாங்கு சொன்னார்கள். முடிந்ததும் கதவு திறந்தது. நஸ்லின் வந்தார். ஒரு கையில் மீதமிருந்த நம்பர்த் துண்டுக் கட்டு, மற்றக் கையில் பிரசர் பார்க்கும் கருவி, கக்கத்தில் தண்ணீர்ப் போத்தல், தோளில் வீட்டுக்குப் போகும் பை. பின்னாலேயே ஹமீட், பெயர்ப்பலகையோடு.

"என்ன புள்ள, பாங்கும் சொல்லியாச்சு. முடிவு என்ன?"

"இரிங்க காக்கா. ஒராள்ற பிரசர் பாக்கக் கிடக்கு. பாத்துட்டுச் சொல்லுறன்."

துண்டுக் கட்டை டொக்டரின் மேசையில் வைத்தார். இன்னும் இருபத்திரண்டு பேர். பிறகு நோயாளிகளிடம் சொல்வதைப்போலவே, "கைய நீட்டுங்க டொக்டர்" என்றார்.

"எனக்கா? எனக்கு ஒண்டுமில்ல நஸ்லின். அடுத்தாளைக் கூப்புடுங்க."

"வாய மூடிக்கிட்டு இரிங்க. கதைச்சா பிரசர் கூடும்."

டொக்டர் என்னைப் பார்த்தார், ஹமீட்டைப் பார்த்தார், சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். மேசைமேல் இருந்த தொலைபேசி அதிர ஆரம்பித்தது. அக்கரைப்பற்றிலிருந்து தேடுகிறார்கள் போலிருக்கிறது. அவருடைய வலது கை அதை நோக்கிப் போனது. நஸ்லின் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். கை திரும்பி வந்து மடியில் விழுந்தது. டொக்டர் சட்டையைச் சுருட்டிவிட்டு இடது கையை நீட்டினார்.

நஸ்லின் பட்டியைச் சுற்றினார். பம்பை அழுத்தினார். காற்றை மெதுவாக விட்டார். கருவியின் ஊசி இறங்குவதை நான் பார்க்கவில்லை, நஸ்லினின் முகத்தைத்தான் பார்த்தேன். அதில் ஒன்றும் தெரியவில்லை. "எவ்வளவு?" என்று டொக்டர் கேட்டார். மறுபடியும் கேட்டார்.

நஸ்லின் பட்டியைக் கழற்றிச் சுருட்டி வைத்தார். போத்தலைத் திறந்து, மேசையில் கிடந்த கிளாஸில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றினார். ஹமீட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மீதமிருந்த இருபத்திரண்டு துண்டுகளின் மேல் அந்தக் கிளாஸை வைத்து, டொக்டரின் பக்கம் நகர்த்தினார்.