மூக்காண்டிக்கு ஒரு நடை பாக்கி

2012ஆம் ஆண்டு ஜூன் நான்காம் நாள், திங்கட்கிழமை, காலை ஏழு நாற்பதுக்குச் சங்கரன்கோவிலிலிருந்து புளியங்குடிக்குப் புறப்பட்ட அரசுப் பேருந்தில் கண்டக்டர் மூக்காண்டி ஒரு பொய்யைப் பிடித்துக்கொண்டிருந்தார். அரும்பு மீசையோடு பக்கத்தில் அமர்ந்திருந்த மகனுக்கு இன்னும் பன்னிரண்டு நிறையவில்லை, அரை டிக்கெட் போதும் என்று ஒரு பெண் சாதித்துக்கொண்டிருந்தாள். மூக்காண்டி மறுத்துப் பேசவில்லை. பையனின் தோளைத் தட்டி, "ஏலே மக்கா, ஒங்க கணக்கு வாத்தியாரு அடிப்பாரோ?" என்று கேட்டார்.

"எட்டுல இருந்த சாருதான் அடிப்பாரு. இந்த வருசம் ஒம்பதுக்கு டீச்சரு, அடிக்காதாம்" என்றான் பையன்.

பேருந்தே சிரித்தது. தாயும் சிரித்துவிட்டு முழு டிக்கெட்டுக்குக் காசை எடுத்தாள். கம்பியைப் பிடித்து நின்றிருந்த ஷமீராவின் பக்கம் திரும்பிய மூக்காண்டி, "நீங்க அடிப்பியளா டீச்சர், அடிக்க மாட்டியளா?" என்றார். அன்றுதான் முதன்முதலாக வேலைக்குச் சேரப் போய்க்கொண்டிருந்த ஷமீரா, இவருக்கு எப்படித் தெரிந்தது என்று திகைத்தாள். கையில் புதுக் குடை, புதுச் சாப்பாட்டுப் பை, காலில் புதுச் செருப்பு. ஜூன் மாதத்துத் திங்கட்கிழமை. ஒரு கண்டக்டருக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

அன்று தொடங்கிய பழக்கம் இன்றுவரை தொடர்கிறது. இப்போது மூக்காண்டி ஓய்வு பெற்று நான்கு ஆண்டுகள் ஆகிவிட்டன. உடம்பு இன்னும் ஓய்வு பெறவில்லை. அசையாத கட்டடத்திலும் அவரால் நேராக நிற்க முடியாது. ரேஷன் கடையானாலும் தாலுகா அலுவலகமானாலும் இடுப்பை எதிலாவது சாய்த்து, ஒரு காலைச் சற்றே முன்வைத்து, அடுத்த வளைவை எதிர்பார்ப்பவர்போல நிற்பார். கல்யாண அழைப்பிதழைக் கொடுத்தால் நீளவாக்கில் மடித்து விரலிடுக்கில் செருகிக்கொள்வார். பந்தியில் இடமில்லை என்று யாராவது தயங்கினால், "உள்ள தள்ளி உக்காருங்க, இன்னும் ரெண்டு பேரு தாராளமா உக்காரலாம்" என்பார். ஜனமும் கேள்வி கேட்காமல் தள்ளி உட்காரும். சட்டைப் பையில் விசில் மட்டும் என்றும் உண்டு. இன்னும் எதற்கு என்று ஷமீரா ஒருமுறை கேட்டாள்.

"பல்லு செட்டு மாதிரி தாயி. கழத்தி வெச்சா வாயி வெறிச்சுன்னு கெடக்கு."

இந்த நான்கு ஆண்டுகளில் அவருக்குப் புதிதாக ஒரு தொழில் வாய்த்திருக்கிறது. சம்பளம் இல்லாத தொழில். பழைய கார் வாங்கப் போகிறவர்களோடு துணைக்குப் போவது. காரைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஓட்டவும் வராது. பானெட்டைத் திறந்தால் இரண்டடி பின்வாங்கி, "உள்ளார என்ன கெடக்குன்னு டிரைவரு பாத்துக்கிடுவாரு. நமக்கு சனம் ஏறுச்சா, எறங்குச்சா, அம்புட்டுதான்" என்பார். அவர் செய்கிற பரிசோதனை ஒன்றுதான். வண்டியின் ஒவ்வோர் இருக்கையிலும் ஏறி உட்கார்ந்து, இரண்டு குலுக்குக் குலுக்கி, கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்ப்பார். அதன் பிறகு விற்பவரின் ஊர், உறவு, உடல்நலம் என்று பேச்சைத் தொடங்கினால் அந்த மனிதர் களைத்துப்போய் விலையைக் குறைத்துவிடுவார். அவர் உடன்போய் வாங்கிய கார்களில் இரண்டு, மாதம் திரும்புவதற்குள் படுத்துவிட்டன. அதையும் யாரும் கேட்பதற்கு முன் அவரே சொல்லிவிடுவார். ஆனாலும் ஊர் அவரைத்தான் கூப்பிடுகிறது. பேரம் முறிந்து வெறுங்கையோடு திரும்பினாலும் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வரலாம் அல்லவா?

கூலி என்று எதையும் வாங்கமாட்டார். கார் கைக்கு வந்த அன்று, "எனக்கு ஒரு நடை பாக்கி. முன் சீட்டுல. எடம் அப்புறம் சொல்லுதேன்" என்பார். போக வர ஒரு பயணம் என்பது கண்டக்டர் மொழியில் ஒரு நடை. முன் இருக்கை மேல் அப்படி என்ன ஆசை என்று கேட்டால் காரணம் வைத்திருக்கிறார்: "முப்பது வருசமா ரோடு எனக்குப் பொறத்தால ஓடித்தான் பாத்திருக்கேன். எதுக்க வந்து பாக்கல." இப்படி அவருக்கு ஒரு நடை கடன்பட்ட கார்கள் ஊரில் பத்துக்கு மேல் இருக்கும். அவரோ கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் பேருந்தில்தான் போய்வருகிறார்.

சென்ற ஆண்டு ஷமீராவுக்குக் கார் வேண்டியிருந்தது. அவள் கணவர் நியாஸ் அகமது ஷார்ஜாவில் வேலை பார்க்கிறார். மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு விடுமுறையில் வரவிருந்தார். "நான் வந்து பாத்து வாங்கிக்கிடுதேன், நீ அவசரப்படாத" என்பது அவருடைய உத்தரவு. அவசரப்படுவதற்கு ஷமீராவிடம் ஒரு காரணம் இருந்தது. அவருக்குத் தெரியாமல் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து உரிமமும் வாங்கிக் கைப்பைக்குள் ஒளித்து வைத்திருந்தாள். திருவனந்தபுரம் விமான நிலையத்தின் வாசலில் கார்ச் சாவியோடு தான் ஒருத்தியாக நின்று கணவரை வரவேற்க வேண்டும். செங்கோட்டை மலைப் பாதையில் அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துத் தானே ஓட்டிவர வேண்டும். அதற்காகவே சம்பளத்தில் மிச்சம்பிடித்து நான்கு ஆண்டுகள் கட்டிய சீட்டுப் பணம் கையில் இருந்தது. அது தொலைந்தால் கார் மட்டுமா போகும்? "நான் அப்பமே சொன்னேம்லா" என்ற ஒரு வாக்கியத்தை ஆயுள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

கைப்பேசியில் விளம்பரங்களைத் தேடத் தொடங்கினாள். மூன்று வெவ்வேறு ஊர்களில் மூன்று வெவ்வேறு உரிமையாளர்கள் வைத்திருந்த மூன்று கார்களுக்குப் பின்னால் ஒரே வேப்பமரம் நின்றது. இன்னொருவர் தம்மை ராணுவ அதிகாரி என்று சொல்லிக்கொண்டு, முன்பணம் அனுப்பினால் காரை ராணுவப் பார்சலில் அனுப்பிவைப்பதாக எழுதியிருந்தார். அதைப் படித்துக் காட்டியபோது மூக்காண்டி நெடுநேரம் யோசித்தார்.

"காரைப் பார்சல்ல அனுப்புதானா? பொட்டலம் கட்ட எத்தன சாக்கு வேணும் தாயி?"

கடைசியில் மனத்துக்குப் பிடித்தாற்போல ஒன்று வந்தது. வெள்ளை நிறச் சிறிய கார். 'ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் தம் கையால் மட்டுமே ஓட்டியது. கோவிலுக்கும் மருத்துவமனைக்கும் தவிர வேறெங்கும் போகவில்லை. தரகர்கள் தொடர்பு கொள்ள வேண்டாம்.' சிவகிரியில் வீடு. ஞாயிற்றுக்கிழமை காலை இருவரும் பேருந்தேறிப் போனார்கள்.

வாசலில் கார் பளபளத்தது. செல்வக்குமார் என்று பெயர் சொன்ன மேலாளர், நெற்றியில் திருநீறும் கண்ணில் கண்ணாடியும் கையில் ஆங்கிலச் செய்தித்தாளுமாக வரவேற்றார். "ஐ ஆம் நாட் எ பிசினஸ்மேன், மேடம். மனசு கேக்காமத்தான் குடுக்கேன். மதுரைப் பார்ட்டி நாளைக்கு வாராங்க. நீங்க டீச்சருங்கிறதால, இன்னைக்கே டோக்கன் அட்வான்ஸ் போட்டுட்டா ஒங்களுக்குத்தான்" என்றார். மூக்காண்டி எல்லா இருக்கையிலும் உட்கார்ந்து குலுக்கினார். எந்தக் கிளை, எப்போது ஓய்வு, பிள்ளைகள் எத்தனை என்று விசாரித்தார். பதில்கள் தயங்காமல் வந்தன. ஷமீராவைத் தனியே அழைத்துக் காதோடு தீர்ப்பும் சொன்னார்: "நல்ல மனுசன் தாயி. பேங்குக்காரவுகளுக்குப் பொய் சொல்ல வராது."

ஷமீராவுக்கு அது போதும். ஓட்டிப் பார்க்கலாமா என்றாள். வண்டி தம் கைக்குப் பழகியது என்று செல்வக்குமார் தாமே ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார். அவள் முன்னால் அமர்ந்தாள். மூக்காண்டி பின்னால், கதவில் இடுப்பைச் சாய்த்து. கார் புளியங்குடிச் சாலையில் வழுக்கிக்கொண்டு போயிற்று. ஏ.சி. சில்லென்றிருந்தது. ஷமீரா கைப்பேசியை எடுத்து, முன்பணம் அனுப்புவதற்கான எண்களை அழுத்தத் தொடங்கினாள். கடைசியாக ஒருமுறை விரலை வைக்க வேண்டியதுதான் பாக்கி.

வாசுதேவநல்லூரைத் தாண்டியதும் ஒரு நிறுத்தத்தில், காலடியில் எலுமிச்சம்பழ மூட்டையோடு நின்ற ஒரு பெண், தூரத்தில் வருவது என்ன வண்டி என்று பார்க்காமலே கையைக் காட்டினாள். பின்னிருக்கையில் மூக்காண்டியின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போயிற்று. முப்பது ஆண்டுப் பழக்கம், நினைக்கும் முன்னே வேலையை முடித்துவிட்டது. மூடிய காருக்குள் ஒற்றை விசில், காது கிழிய ஒலித்தது.

கார் நின்றது. சும்மா நிற்கவில்லை. இடப்புறம் அழகாக ஒதுங்கி, ஒரு குலுக்கல் இல்லாமல், பின்கதவு அந்தப் பெண்ணின் மூட்டைக்கு நேராக வரும்படி நின்றது.

அந்தப் பெண் கண்ணாடியைத் தட்டி, "புளியங்குடி மார்க்கெட்டுக்குப் போவுமா?" என்று கேட்டாள். மூக்காண்டி கதவைத் திறந்தார். மூட்டையும் அவளும் ஏறினார்கள். கதவைச் சாத்திவிட்டு, செல்வக்குமாரின் பிடரியையே பார்த்தபடி, இந்த முறை நன்றாக நினைத்தே, இரண்டு விசில் கொடுத்தார். வங்கி மேலாளரின் கை கியருக்குப் போயிற்று. கார் கிளம்பியது.

"எந்த டிப்போ, தம்பி?"

"டிப்போ இல்ல அண்ணாச்சி, பிரைவேட்டு. ராஜபாளையம் ரூட்டு, பதினெட்டு வருச..." என்றவர் பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டார். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டிருந்தது.

செல்வக்குமார் ஓட்டிவந்த பேருந்தை முதலாளி விற்றுவிட்டார். ஒரு கார் வியாபாரி, நாள் கூலிக்கு இவரை உரிமையாளராக உட்கார வைத்திருக்கிறான். இந்த வாரம் வங்கி மேலாளர். போன வாரம் கண் டாக்டர். வீடு அந்த வியாபாரியின் மைத்துனருடையது. "கண்ணாடி கூட பவர் இல்லாததுதான் அண்ணாச்சி" என்று கழற்றியே காட்டினார். "மேடம், இந்த வண்டி ஒங்களுக்கு வேண்டாம். குத்தால சீசனுக்கு டாக்ஸியா ஓடுனது. மஞ்ச போர்டை வெள்ளையா மாத்தி, மீட்டரைத் திருப்பி வெச்சிருக்காவ. அடுத்த மழைக்குத் தாங்காது."

ஷமீரா கைப்பேசியை அணைத்து மடியில் கவிழ்த்தாள். "நல்ல மனுசன்னு சொன்னிய அண்ணாச்சி!" என்று பின்னால் திரும்பிச் சீறினாள்.

"இப்பமும் அதான் சொல்லுதேன். எப்பிடி நிப்பாட்டுனான் பாத்தியளா? மூட்டைக்கு நேரா!" என்றார் மூக்காண்டி. அதன்பின் அவரும் செல்வக்குமாரும் எந்த ஊரில் எந்த வளைவு மோசம் என்று பேசத் தொடங்கி, கார் வாங்க வந்தவளை அடியோடு மறந்துபோனார்கள். புளியங்குடியில் இறங்கும்போது மூட்டைக்காரப் பெண் முந்தியை அவிழ்த்துச் சில்லறை எடுத்தாள். "பொம்பளையாளுக்கு ஃப்ரீதான் தாயி, இந்த வண்டியிலயும்" என்று மூக்காண்டி கையமர்த்த, அதுவரை கோபத்தைக் காத்துவந்த ஷமீரா சிரித்துவிட்டாள்.

அன்று மாலை முழுவதும் வியாபாரி அவளைக் கைப்பேசியில் அழைத்துக்கொண்டே இருந்தான். அவள் எடுக்கவில்லை. அடுத்த வாரமே செல்வக்குமார் கடையநல்லூரில் ஒரு மினிபஸ்ஸில் டிரைவராக ஏறிவிட்டார். சொல்லிச் சேர்த்துவிட்டது யார் என்று கேட்டால் மூக்காண்டி பேச்சை மாற்றுவார்: "அவன் காலு நல்ல காலு டீச்சர். வாயிதான் வாடகைக்குப் போயிருந்துச்சு."

ஷமீராவின் காரும் அதே கடையநல்லூரிலிருந்துதான் வந்தது. 'பின்கதவில் கீறல் உண்டு. ஏ.சி. சுமார்' என்று விளம்பரத்திலேயே எழுதியிருந்த ஜவுளிக்கடைக்காரரிடம் வாங்கினாள். மூக்காண்டி எல்லா இருக்கையிலும் குலுக்கிப் பார்த்து, வழக்கம்போலத் தம் ஒரு நடையைக் கடன் சொல்லிவிட்டு, பேருந்தில் ஊர் திரும்பினார்.

நியாஸ் அகமது வந்திறங்கிய நாளன்று எல்லாம் அவள் நினைத்தபடியே நடந்தது. மனைவியின் கையில் சாவியைப் பார்த்தும் அவர் டிரைவர் எங்கே என்று தேடியதும், மலைப் பாதையின் முதல் வளைவில் கதவுக் கைப்பிடியை இறுகப் பற்றியதும், தென்காசிக்கு வருவதற்குள் தூங்கிப்போனதும் உட்பட. சங்கரன்கோவிலுக்குள் நுழைந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. பேருந்து நிலையத்துக்கு எதிரே, விளக்குக் கம்பத்தில் இடுப்பைச் சாய்த்து, ஒரு கால் முன்வைத்து, மூக்காண்டி நின்றிருந்தார். ஷமீரா காரை ஒதுக்கி நிறுத்தினாள்.

"எந்திரிங்க. பின்னால போய் உக்காருங்க. இந்த சீட்டு அண்ணாச்சிக்கு" என்றாள். நியாஸ் அகமது ஒன்றும் புரியாமல் கண்ணைக் கசக்கிக்கொண்டு கதவைத் திறந்தார். "அண்ணாச்சி, ஏறுங்க. எங்க போவணும்னு சொல்லுங்க. இன்னைக்குக் கடன் தீரணும்."

மூக்காண்டி குனிந்து காருக்குள் பார்த்தார். பின்னிருக்கை நிறையப் பெட்டிகள்; முன்னிருக்கையில் மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு ஊருக்கு வந்த மனிதர். வெளியே வைத்திருந்த அவரது காலைத் தொட்டு மெல்ல உள்ளே நகர்த்தி, கதவை அழுத்திச் சாத்தினார்.

"வண்டி ஃபுல்லு தாயி. நான் அடுத்ததுல வாரேன்" என்றவர், சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்து இரண்டு முறை ஊதினார்.

ஷமீரா மறுத்துச் சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் கால் கிளட்சை விட்டிருந்தது.