அப்பாவைவிட மூன்று வயது இளைய துப்பாக்கி

எங்கள் வீட்டுத் துப்பாக்கி அப்பாவைவிட மூன்று வயது சின்னது என்பதைக் கண்டுபிடித்தவள் நான்தான். அப்போது எனக்குப் பதினோரு வயது. பாராட்டாக அம்மாவின் கையால் முதுகில் ஒன்று விழுந்தது. இன்று நினைத்தால் இரண்டாவது அடியையும் சேர்த்தே கொடுத்திருக்கலாம் என்று படுகிறது.

இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் ஆட்கள் ரோட்டை மறித்த வருஷம் அது. வடக்கனந்தலிலிருந்து கள்ளக்குறிச்சி போகிற ரோட்டில் ஒரு வாரம் பஸ் இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்தான். ரோட்டின் குறுக்கே கிடந்த புளியமரங்களில் ஒன்றைக் கோடரி போட்டுச் சாய்த்தது எங்கள் சித்தப்பா. வாரம் முடிந்ததும் போலீஸ் வந்தது. ஆண்கள் கரும்புக்குள்ளும் மரவள்ளிக்குள்ளும் போய் ஒளிந்தார்கள். சித்தப்பா மலையேறிக் கரியாலூரில் தெரிந்தவர் வீட்டில் இருந்துகொண்டார். அவருக்கு சர்க்கார் வேலைக்கு ஆர்டர் வந்து அம்மாவின் டிரங்குப் பெட்டியில் பத்திரமாக இருந்தது. அடுத்த மாதம் போய்ச் சேர வேண்டும். நடுவில் ஒரு கேஸ் விழுந்தால் அந்த ஆர்டரில் வடைதான் மடிக்கலாம்.

கேஸ் விழ எங்கள் வீட்டுப் பரணிலேயே ஒரு காரணம் கிடந்தது, ரெட்டைக்குழல் துப்பாக்கி. கல்வராயன் மலையில் புலி சுட்டதற்காகக் கொள்ளுத்தாத்தாவுக்கு வெள்ளைக்காரத் துரை கொடுத்தது என்று எங்கள் வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். புலியின் நீளம் மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். லைசென்ஸ் தாத்தா பெயரில் இருந்தது. தாத்தா போனபின் யாரும் மாற்றவில்லை. வருஷத்துக்கு ஒரு தரம் ஆயுத பூஜைக்கு இறக்கி, மண்வெட்டிக்கும் பம்புசெட் ஸ்பேனருக்கும் பக்கத்தில் வைத்து, சந்தனமும் குங்குமமும் அப்பி, அப்படியே மறுபடி ஏற்றிவிடுவார்கள். பழைய பொட்டை யாரும் துடைத்ததே இல்லை. அதன்மேலேயே புதுப்பொட்டு வைப்பார்கள்.

அப்பாவுக்கு வேண்டிய ஏட்டு ஒருவர் வந்து சொன்னார்: "நூறு வருசத்துக்கு மேல பழசு, சுடாதுன்னு மிலிட்டரி சொல்லிட்டார்னா எஸ்.ஐ. வுட்டுட்டுப் பூடுவாரு. இல்லாட்டி உன் தம்பி மேலதான் கேசு. மரம் வெட்டுனவன் வூட்ல துப்பாக்கின்னா சும்மா வுடுவாங்களா?"

மிலிட்டரி என்பது காலனியில் இருந்த பெரியவர். பட்டாளத்தில் துப்பாக்கி பழுது பார்க்கும் வேலையில் இருந்து ரிட்டயர் ஆனவர். ஸ்டேஷனில் துப்பாக்கியின் வயது பார்க்கத் தெரிந்தவர்கள் இல்லாததால் அவரைத்தான் வீடுவீடாக அனுப்பியிருந்தார்கள். ஊரில் பொடிசுகள்கூட அவரை 'மிலிட்டரி' என்றுதான் கூப்பிடும், ஒரு 'ங்க' கிடையாது. நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். அப்பாவின் முகம் செத்துப்போயிற்று. "அவுரு நமக்கு எதுக்கு நல்லது எழுதப் போறாரு?" என்றார். ஏன் எழுதமாட்டார் என்று கேட்டேன். அம்மா என்னைத் தண்ணீர் எடுக்க அனுப்பிவிட்டாள்.

இந்த இடத்தில் அம்மா ஒரு காரியம் செய்தாள். பெரிய மனுஷர்கள் பார்க்கப்போகிற பொருள் அழுக்காக இருக்கலாமா என்று, குத்துவிளக்கு தேய்ப்பது போலப் புளியும் சாம்பலும் போட்டுத் துப்பாக்கியைத் தேய்த்துவிட்டாள். எத்தனையோ ஆயுத பூஜைகள் கரைந்து சாக்கடையில் ஓடின. குழலும் கட்டையும் சேருகிற இடத்தில் நாலு எண்கள் எழுந்து வந்தன. காசின்மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படம் எடுப்பது எங்கள் வகுப்பில் அப்போது பெரிய பைத்தியம். நோட்டில் ஒரு தாளைக் கிழித்து அந்த எண்களின்மேல் வைத்துத் தேய்த்தேன். பளிச்சென்று வருஷம் விழுந்தது. அதிலிருந்து அப்பா பிறந்த வருஷத்தைக் கழித்துப் பார்த்தேன். "அம்மா, இது அப்பாவுக்குத் தம்பிம்மா!" என்று கத்தினேன். அப்போதுதான் முதுகில் விழுந்தது. அம்மா மறுபடி மறைக்கச் சந்தனம் இழைக்க ஓடினாள். அதற்குள் வாசலில் சைக்கிள் மணி கேட்டது.

மிலிட்டரி உள்ளே வந்தார். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிலுவை. காலனி ஆட்களுக்கென்று எங்கள் வீட்டில் தனியாக ஒரு கண்ணாடி கிளாஸ் உண்டு. அன்றைக்கு அம்மா விருந்தாளிகளுக்கு வைத்திருந்த எவர்சில்வர் டம்ளரில் காபி கொண்டுவந்தாள். ஆகா, மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். அவர் டம்ளரைப் பார்த்தார். "வாணாங்க. வூட்ல என் பொண்ணு பத்து நாள் புள்ளய வெச்சிக்கினு கீறா. நான் சீக்கிரம் போவணும்" என்றார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அம்மா கண்ணால் மிரட்ட மிரட்ட, அந்தத் தாளை அவர் கையில் கொடுத்தேன். அவர் பார்த்தார். துப்பாக்கியைப் பார்த்தார். அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். மிலிட்டரி தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் போட்டார். பிறகு சின்னத் திருப்புளியால் எதையோ கழற்றி, ஆணி மாதிரி இரண்டு துண்டுகளை எடுத்து அதே பையில் போட்டுக்கொண்டார்.

"சந்தனம் கீதுங்களாம்மா? பூஜைத் துப்பாக்கி, பொட்டில்லாம இருக்கலாமா?" என்றார். அம்மா கிண்ணத்தை நீட்டினாள். அவர் கட்டைவிரலால் தடிமனாக ஒரு பொட்டு வைத்தார், சரியாக அந்த எண்களின்மேல்.

எஸ்.ஐ. வந்ததும் மிலிட்டரி விறைப்பாக நின்று சொன்னார்: "நூத்திப் பத்து வருசம் இருக்கும் சார். அடிக்கிற ஊசியே இல்ல. இத வெச்சிக் காக்கா கூட ஓட்ட முடியாது."

எனக்குப் பொறுக்கவில்லை. "இல்ல சார், அதுல வருசம் போட்டிருக்குது!"

"என்ன சொல்லுது பொண்ணு?" என்றார் எஸ்.ஐ.

மிலிட்டரி என்னைப் பார்த்துச் சிரித்தார். "அது கம்பெனி நம்பரு பாப்பா" என்றார்.

எஸ்.ஐ. எழுதிக்கொண்டு போய்விட்டார். அப்பா கும்பிட்ட கையை இறக்கவே இல்லை. மிலிட்டரி அதைக் கவனிக்காதவர் போல சைக்கிளில் ஏறினார். எனக்கோ ஆத்திரம். இத்தனை வருஷம் பட்டாளத்தில் இருந்த மனுஷனுக்கு ஒரு வருஷத்தைப் படிக்கத் தெரியவில்லையே! பள்ளிக்கூடத்தில் தோழிகளிடம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன்.

சித்தப்பா வேலையில் சேர்ந்தார். ஊரில் பெண்பிள்ளைகளை வயசுக்கு வந்ததும் நிறுத்திவிடுவார்கள். என்னைக் காலேஜ் வரைக்கும் படிக்க வைத்தது சித்தப்பாவின் சம்பளம். இன்று நான் உட்கார்ந்திருக்கும் நாற்காலிக்கும் அந்தச் சந்தனப் பொட்டுக்கும் சம்பந்தம் உண்டு. கோயிலில் கண்ணை மூடினால் முதலில் எனக்கு அந்தக் கட்டைவிரல்தான் தெரிகிறது.

சித்தப்பா ரிட்டயர் ஆன அன்று, சாப்பாடு முடிந்து எல்லோரும் போனபின், என்னிடம் மட்டும் சொன்னார். மறியலின் மூன்றாம் நாள், இடுப்புவலி கண்ட மகளை மாட்டுவண்டியில் போட்டுக்கொண்டு கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போக மிலிட்டரி வந்தாராம். மரத்துக்கு முன்னால் கோடரியோடு நின்றது சித்தப்பா. 'யாரா இருந்தாலும் வண்டி போவாது' என்றாராம். பெரியவர் இரண்டு தரம் கேட்டுப் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பியிருக்கிறார். வண்டி ஊர் வந்து சேரவில்லை. வழியில் ஒரு கிணற்றடி மோட்டார் கொட்டாயில் பிள்ளை பிறந்தது. தாயும் பிள்ளையும் பிழைத்தது கடவுள் புண்ணியம்.

"அவர்கிட்ட ஒரு வார்த்தை பேசினீங்களா சித்தப்பா?" என்றேன்.

"எந்த மூஞ்ச வெச்சிக்கினு பேசறது?" என்றார். பெரியவர் இறந்துபோய் அப்போதே பல வருஷம் ஆகியிருந்தது.

நாலு எண்களைப் பார்த்து ஒரு துப்பாக்கியின் வயதைக் கழித்துக் கண்டுபிடித்த கெட்டிக்காரி நான். 'பத்து நாள் புள்ள' என்று அவர் என் காதுபடச் சொன்னார். அந்தப் பத்து நாளைக் கழித்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.