ஒரு சாண் நீள வேன்

என் அத்தான் என்னைப் பார்த்து "வாங்க" என்று சொன்ன அன்றுதான் காரியம் கெட்டுவிட்டது என்று எனக்குப் புரிந்தது. அக்காவைக் கட்டிய நாளிலிருந்து அவருக்கு நான் "வாலே மாப்ள"தான். எங்கள் பக்கத்தில் நெருங்கிய சொந்தம் திடீரென்று மரியாதை கொடுத்தால், உள்ளே தாழ்ப்பாள் போட்டுவிட்டார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

தப்பு என் மேல்தான். அதை இப்போது இவ்வளவு சுலபமாக எழுதுகிறேன். ஒத்துக்கொள்ள எனக்கு இரண்டு வருடம் ஆனது.

நான் சிவகாசியில் பிளாக் வெட்டுகிறவன். கல்யாணப் பத்திரிகையிலும் டைரி அட்டையிலும் தங்க நிறத்தில் மின்னுமே எழுத்து, அதற்குப் பித்தளைத் தகட்டில் எழுத்தைப் புடைப்பாக வெட்டி, சூடேற்றி, தங்க ஃபாயில் தாள் வைத்து அழுத்துவார்கள். அந்தத் தகடுதான் பிளாக். இப்போது பெரும்பாலும் மெஷின் வெட்டித் தருகிறது என்றாலும், நுணுக்கமான வேலைக்கு இன்னும் கையும் உளியும்தான். இருபது வருடமாக இதே வேலை. திமிர் இல்லாமல் இருக்குமா?

அக்கா மகள் கல்யாணப் பத்திரிகைக்கு நானே பிளாக் வெட்டினேன். பத்திரிகை வந்ததும் அத்தான் சம்பந்தி வீட்டார் முன்னால் அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்து, "பிள்ளையார் லேசாச் சாஞ்சாப்ல இருக்காரே மாப்ள" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்கோ உச்சி மண்டையில் ஏறிவிட்டது. "ஒரே ரோட்டுல வேனை ஓட்டிட்டுப் போய் ஓட்டிட்டு வர்ற ஆளுக்கு எது நேரு எது கோணல்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டுவிட்டேன். கூடம் நிறைய ஆட்கள். அத்தான் பத்திரிகையை மடித்துத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து போனார். அதற்கடுத்த முறை பார்த்தபோதுதான் அந்த "வாங்க".

அத்தானுக்கு ஏழாயிரம்பண்ணைப் பக்கம் வீடு. சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு காலையில் பட்டாசு ஆலையில் விடுவார், சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பார். அந்த வேலையைப் பற்றித்தான் என் வாய் அப்படிப் பேசியது.

இரண்டு வருடம் இப்படியே போனது. இதற்கிடையில் விருதுநகர் பக்கம் சூலக்கரையில் நாங்கள் சின்னதாக ஒரு வீடு கட்டி முடித்தோம். தை மாதம் பால் காய்ச்ச வேண்டும். எங்கள் வழக்கத்தில் கூடப் பிறந்தவள்தான் புது அடுப்பில் பால் பானையை ஏற்றுவாள். அக்காவுக்குப் போன் போட்டேன்.

"அவுக போகாதன்னு சொல்லலைலே. நீ போயிட்டு வான்னுதான் சொல்லுதாக. அவுக இல்லாம நான் மட்டும் வந்து பானைய ஏத்தினா பாக்குறவக என்ன பேசுவாக? எனக்குத்தான் மனசு வருமா?" என்றாள் அக்கா. அழுதிருப்பாள் போல, மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"மதினி வராம இந்த வீட்டுல நான் அடுப்புப் பத்த வைக்க மாட்டேன்" என்று இங்கே என் மனைவி ஒரே போடாகப் போட்டாள். "போய்க் கால்ல விழுங்க. விழுந்தா முழங்காலா தேஞ்சிரும்?"

விழுந்திருக்கலாம். ஆனால் என் வாய்க்குச் சண்டை போடத்தான் பழக்கம். மன்னிப்புக் கேட்கப் பழக்கம் கிடையாது. என் சமாதானம் எல்லாம் கை வழியாகத்தான் வரும்.

எனக்கு ஒரு கிறுக்கு உண்டு. நிஜக் கார்களை அளந்து, இருபத்து நாலில் ஒரு பங்காகச் சுருக்கி, அச்சு அசலாகச் செய்வேன். வெளிநாட்டுக் கார் என்றால் பாகங்கள் பெட்டியில் கிடைக்கும், ஒட்டினால் போதும். நம் ஊர் ரோட்டில் ஓடும் வண்டிக்கு எவன் பெட்டி போடுகிறான்? ஆகவே நானே ஒவ்வொரு பாகத்துக்கும் முதலில் ஒரு மாதிரி செய்து, அதன்மேல் சிலிகோன் ரப்பரை ஊற்றி அச்சு எடுத்து, அந்த அச்சில் ரெசினை ஊற்றி வார்த்துக்கொள்வேன். ரப்பரில் உள்ள காற்றை உறிஞ்சி எடுக்க, பழைய ஃபிரிட்ஜ் கம்ப்ரஸரையும் வீட்டுக் குக்கரையும் குழாயால் இணைத்து ஒரு சாதனம் செய்து வைத்திருக்கிறேன். அந்தக் குக்கரைப் பற்றி வீட்டில் இன்றுவரை பேச்சு நிற்கவில்லை.

ஐப்பசியில் அக்கா சொன்ன ஒரு செய்திதான் எனக்கு வழி காட்டியது. அத்தான் பழைய வேனைக் கொடுத்துவிட்டுப் புது வேன் எடுக்கப் போகிறாராம். "மகளக் கட்டிக்குடுத்தப்பக்கூட மனுசன் இப்பிடிக் கலங்கலைலே. வேனைச் சுத்திச் சுத்தி வாராக."

அந்த வேனையே செய்து கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

அளவு வேண்டுமே? நான் போய் நின்றால் காரியம் கெட்டுவிடும். அக்காவையே உளவாளி ஆக்கினேன். அத்தான் குளிக்கப் போகும் நேரமாகப் பார்த்துப் படம் எடுத்து அனுப்புவாள். எல்லாப் படத்திலும் அவள் கட்டைவிரல் கால்வாசி இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். அளவு நாடாவை அனுப்பி வைத்தேன். அது எங்கோ தொலைந்துவிட்டது என்று கையாலேயே அளந்தாள்.

"ஏலே, பம்பரு எட்டுச் சாணுக்கு ரெண்டு விரக்கடை கம்மிலே."

"உன் சாணு எம்புட்டுக்கா?"

"என் சாணு என் கை அம்புட்டு."

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை விருதுநகருக்கு வரவழைத்து, அவள் கையை அளந்து எழுதிக்கொண்டேன். உலகத்தில் வேறு எந்த மாடல் காரும் ஒரு பெண்ணின் சாண் கணக்கில் செய்யப்பட்டிருக்காது என்று நினைக்கிறேன்.

ஐப்பசி, கார்த்திகையில் ரெசின் வேலை பண்ணக் கூடாது. ஈரம் பட்டால் அது இட்லி மாவு போலப் பொங்கிவிடும். இந்த வருடம் பார்த்து நல்ல மழை. பட்டாசு காயாமல் ஆலைக்காரர்கள் வானத்தைத் திட்டினார்கள் என்றால் நானும் கூடச் சேர்ந்து திட்டினேன். ரெசின் பாட்டில்களை முறுக்கு டின்னுக்குள் வைத்து, அடியில் வறுத்த அரிசியைக் கொட்டி மூடினேன். தீபாவளிக்கு முறுக்கு சுட்ட என் மனைவி டின்னைக் காணாமல் வீடு முழுக்கத் தேடினாள். கண்டுபிடித்தபோது அவள் பேசியதை இங்கே எழுத முடியாது.

வேனில் பதினெட்டு சீட்டு. ஒரு சீட்டைச் செய்து அச்சு எடுத்தால் மற்றவற்றை வார்த்துக்கொள்ளலாம். அதில் ஒன்றில் மட்டும் காற்றுக் குமிழி நின்று, ஓரத்தில் ஓட்டை விழுந்துவிட்டது. தூக்கி எறியப் போனவன், எதற்கும் இருக்கட்டும் என்று அக்காவிடம் கேட்டேன்.

"மூணாவது வரிசைல சன்னலோர சீட்டு கிளிஞ்சு பஞ்சு தெரியும்லே. அங்கன வச்சிரு."

வைத்துவிட்டேன். பின் கதவில் வேப்பமரத்தில் இடித்த பள்ளத்தையும் விடவில்லை. முன்னால் தொங்கும் எலுமிச்சம்பழத்தைப் பாசிமணியில் செய்து தொங்கவிட்டேன்.

கடைசியாக மிஞ்சியது முகப்புப் பலகை. நிஜ வேனில் முன் கண்ணாடிக்கு மேலே, மரத்தில் எழுத்து வெட்டி ஒட்டி, "ஆத்தா துணை" என்று இருக்கும். அத்தானின் அம்மா தீப்பெட்டி ஆபீஸ் என்று நாங்கள் சொல்லும் தீப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து அவரை ஆளாக்கியவர். அதற்காக அவர் வைத்த பெயர். இதுவரை நான் செய்த கார்களில் நம்பர் பிளேட்டைக்கூடத் தாளில் அச்சடித்துத்தான் ஒட்டியிருக்கிறேன். புடைப்பு எழுத்தை வார்ப்பது இதுதான் முதல் தடவை. ஆனால் எழுத்து வெட்டுவது எனக்குப் புதிதா? ஒரு பித்தளைத் துண்டை எடுத்து, பட்டறையிலேயே உட்கார்ந்து, நெல்மணி அளவு எழுத்தாக வெட்டினேன். என் ஆயுளில் அவ்வளவு அழகாக வெட்டியதில்லை. அச்சு எடுத்து வார்த்தேன். ஒரு குமிழி இல்லை.

ஒரு வியாழக்கிழமை காலையில் வேனைப் பட்டறைக்கே கொண்டுபோய், பலகையைப் பொருத்தி, எழுத்துக்குத் தங்க வண்ணம் பூசினேன். கூட வேலை பார்க்கிற நாலு பேரும் சுற்றி நின்றார்கள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்கள். "அண்ணே, எழுத்துன்னா இது எழுத்து" என்றான் ஒருவன். மூத்தவர் ஒருவர் யாரையும் பாராட்டாதவர். அவரே தலையை ஆட்டினார். மதியம் லீவு சொல்லிவிட்டு, வேனை ஷூ டப்பாவில் வைத்து மடியில் பிடித்தபடி ஏழாயிரம்பண்ணை பஸ் ஏறினேன். ஒவ்வொரு வேகத்தடைக்கும் டிரைவரை மனதுக்குள் திட்டிக்கொண்டே போனேன்.

ஆலை கேட்டுக்கு வெளியே, வேப்பமரத்தடியில் நாலைந்து வேன்கள் நின்றன. அத்தான் பழைய வேனின் படியில் உட்கார்ந்து இன்னும் இரண்டு டிரைவர்களோடு பேசிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்தார்.

"வாங்க. சாப்பிட்டீகளா?"

அந்த "வாங்க" இன்னும் ஆறவில்லை. நான் டப்பாவைத் திறந்து வேனை அவர் கையில் வைத்தேன். சரியாக அவருடைய ஒரு சாண் நீளம்.

அத்தான் கண்ணுக்கு நேரே தூக்கினார். திருப்பிப் பார்த்தார். பின் கதவுப் பள்ளத்தை விரலால் தடவினார். சன்னலில் கண்ணை வைத்து உள்ளே பார்த்து, மூணாவது வரிசையில் கிழிந்த சீட்டைக் கண்டதும் அவர் மீசை துடித்தது. பிறகு முன்பக்கம் திருப்பினார். அங்கே அவர் கை நின்றுவிட்டது.

"இந்தப் பலகைய வெட்டுனது யாரு?"

"நான்தான் அத்தான்."

"வாசிங்க."

"ஆத்தா துணை" என்று கடகடவென்று வாசித்தேன்.

"நல்லாப் பாத்து வாசிங்க."

பார்த்தேன். பார்த்ததும் நிலம் பிளந்து உள்ளே போய்விடலாமா என்றிருந்தது. எழுத்து அத்தனையும் இடவலம் மாறிக் கிடந்தது. வலப்பக்கம் தொடங்கி இடப்பக்கம் ஓடியது. பிளாக்கை எப்போதும் இடவலம் மாற்றித்தான் வெட்ட வேண்டும், அப்போதுதான் தாளில் நேராக விழும். ரெசின் வேலையோ வேறு. மாதிரி எப்படியோ, வார்ப்பும் அப்படியே வரும். நேராகத்தான் வெட்டியிருக்க வேண்டும். இருபது வருடப் பழக்கத்தில் கை தன்பாட்டுக்கு மாற்றி வெட்டிவிட்டது. கண்ணுக்கும் அதுவே நேராகத் தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டுமா? பட்டறையில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்த நாலு பேருக்கும்! நாள் முழுக்க மாற்று எழுத்தையே வாசிக்கிற கூட்டம், ஒருத்தனுக்கும் உறைக்கவில்லை. ஒரே ரோட்டில் வேன் ஓட்டுகிறவர் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்தார்.

"இப்ப சொல்லுங்க. எது நேரு, எது கோணல்?" என்றார் அத்தான், குரலை உயர்த்தாமல்.

இரண்டு வருடமாக என் தொண்டையில் கிடந்தது அப்போதுதான் வெளியே வந்தது. "அத்தான், அன்னைக்கு நான் பேசுனது தப்பு. அத்தன பேர் முன்னால உங்களப் பேசிட்டேன். பிள்ளையாரும் சாஞ்சுதான் இருந்தாரு. நான்தான் ஒத்துக்கல."

அவர் வேனின் பக்கவாட்டுக் கண்ணாடிக்கு எதிரே மாடலைத் தூக்கிப் பிடித்தார். "இங்கன வந்து பாரு."

கண்ணாடிக்குள் தங்க எழுத்தில் "ஆத்தா துணை" என்று சீராக இருந்தது.

"பின்னாடி வர்ற வண்டி அம்புட்டும் கண்ணாடில மாறித்தாம்லே தெரியும். உன் வேன் ஒண்ணுதான் நேராத் தெரியுது" என்றவர், அதற்குமேல் அடக்க முடியாமல் வெடித்துச் சிரித்தார். மற்ற டிரைவர்களும் ஓடி வந்து பார்த்தார்கள். "ஆம்புலன்ஸ்ல இப்பிடித்தான எளுதுவாக, நீ என்ன எங்க அண்ணாச்சிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பவா பாக்க?" என்றார் ஒருவர். நானும் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது, சிரிப்பால் மட்டுமில்லை.

"குடுங்க அத்தான், நாளைக்கே வேற பலகை வார்த்து மாத்தித் தாரேன்" என்று கை நீட்டினேன்.

அவர் வேனை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். "அதத் தொட்ட, பால் காய்ச்சுக்கு வர மாட்டேன் பாத்துக்கோ."

தை மாதம் அத்தான் புது வேனில் வந்து இறங்கினார். மாடலைக் கடைசி சீட்டுக்குப் பின்னால் உயரத்தில் முன்னோக்கி ஒட்டியிருந்தார், ஓட்டும்போது தலைக்கு மேல் கண்ணாடியில் தெரிகிற மாதிரி. நேராக எழுதிய பலகை ஒன்றை வார்த்துச் சட்டைப் பையில் வைத்திருந்தேன், மனசு மாறினால் கொடுக்கலாமே என்று. அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வந்த சொந்தக்காரர் ஒவ்வொருவரையும் கையைப் பிடித்து வேனுக்குள் ஏற்றி, "எங்க மாப்ள வெட்டுனது, வாசிங்க பாப்போம்" என்று காட்டிக்கொண்டிருந்தார். எனக்கு உச்சி மண்டைக்கு ஏறியது, ஏறிய வழியே இறங்கியும் விட்டது. வெட்கத்தில் நான் வாசலிலேயே நின்றேன்.

உள்ளே அக்கா பால் பானையை ஏற்றியிருந்தாள். வேனிலிருந்து இறங்கிய அத்தான் என்னைத் தாண்டி உள்ளே போய் அடுப்படியை எட்டிப் பார்த்தார். அங்கிருந்து அவர் குரல் தெருவுக்கே கேட்டது.

"பால் பொங்குது, அங்கன என்ன பராக்கு? வாலே மாப்ள!"