மேஜர் குரலில் ஓர் உத்தரவு

டெலிபோன் போர்டில் உட்கார்ந்தவனுக்கு மூஞ்சி கிடையாது, குரல் மட்டும்தான் என்பது போர்டிலேயே காது காய்த்துப்போன ஆபரேட்டர்களான உங்களுக்கும் தெரியும். என்னிடம் ஏழெட்டுக் குரல் இருந்ததுதான் வினை.

ஒரே அறை

பெங்களூர் தண்டில், அதாவது கண்டோன்மென்டில், ராணுவச் சாமான் டிப்போ. அங்கே நான் டெலிபோன் ஆபரேட்டர், பதினெட்டு வயது. டெலிபோன் ஒரு அறை, வயர்லெஸ் இன்னொன்று, லாரி ஷெட் மைதானத்துக்கு அந்தப் பக்கம். சீனாக்காரனோடு சண்டை வந்ததும் மேஜர் மூன்று இடத்து ஆட்களையும் ஒரே அறைக்குள் கொண்டுவந்தார். போனில் வரும் உத்தரவைத் தாளில் எழுதி, சொன்னவருக்கே திருப்பிப் படித்துக் காட்டவேண்டும். அவர் சரி என்றபிறகுதான் வயர்லெஸ்ஸுக்கும் லாரிக்கும் நகல் போகும்.

"ஒருத்தன் காதுல விழுந்தா மூணு பேரும் ஓடணும், புரியுதா?" என்றார் மேஜர்.

மூன்று லாரி

மேஜருக்கு மூக்கால் வரும் குரல், முன்னால் ஓர் இருமல். ஒருநாள் பக்கத்து ஆபீஸ் போனிலிருந்து அப்படியே இருமி, "மூணு லாரி, சிட்டி ஸ்டேஷன், உடனே!" என்றேன். போர்டில் இருந்த முனுசாமி அண்ணன் எழுந்து நின்றே "எஸ் சார்" போட்டார். மேஜருக்கே திருப்பிப் படித்துக் காட்ட எவனுக்குத் தைரியம் வரும்? பழைய நாளாயிருந்தால் என் விளையாட்டு அந்த அறையோடு செத்திருக்கும். இப்போது இரண்டே நிமிஷத்தில் மூன்று லாரியும் கேட்டில் உறுமின. ஓடிப்போய்க் குறுக்கே நின்று, பேசியது நான்தான் என்றேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள், நான்தான் அதிகம்.

"அரே தம்பி, உன் வாய்க்கு ஒரு பூட்டு வாங்கணும்டா!" என்றார் லாரி இன்சார்ஜ் கபூர் பாய்.

கம்பளி மூட்டை

அடுத்த வாரம் நான் கேண்டீனில் இருந்தபோது போர்டுக்கு நிஜ மேஜரே பேசினார். வடக்கே போகும் சிப்பாய்களின் ரயில் நாலு மணிக்குக் கிளம்புகிறது, கம்பளி மூட்டைகளை உடனே ஸ்டேஷனுக்கு அனுப்பு. முனுசாமி அண்ணன், "போடா டேய், வேற ஆளைப் பாரு" என்று வைத்துவிட்டார். மறுபடி மணி அடித்தது, மறுபடி வைத்தார். கடைசியில் மேஜரே ஜீப்பில் வந்து இறங்கினார். லாரி போய்ச் சேர்ந்தபோது பிளாட்பாரம் காலி. மறுநாள் வண்டியில் அனுப்பினோம். கிடைத்ததா என்று எந்த லைனிலும் பதில் இல்லை.

அண்ணனுக்கு மெமோ. அப்போதும் என் பேரை அவர் சொல்லவில்லை. நானே போய் மேஜரிடம் ஒப்புக்கொண்டேன். என்னை மூட்டை தூக்கும் வேலைக்கு மாற்றினார். மெமோவை ரத்து செய்யவில்லை. அண்ணன் முன்னால் தலை நிமிராமல் நின்றேன்.

"மெமோ கெடக்கட்டும்டா. அந்தப் பசங்க வெறும் காட்டன் சட்டையோட போயிருக்காங்க" என்றார் அண்ணன்.

இப்போது சொந்தக் குரலில் பேசினாலும் எதிர்முனையில் 'நெஜமா நீதானா?' என்று கேட்கிறார்கள். எனக்கே சந்தேகமாகத்தான் இருக்கிறது.