அட்மிட்

தமயந்தி மாடியில் துணி உதறிக் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது செல்போனில் ஒரு செய்தி வந்தது. அனுப்பியவர், இளைய மகள் யாழினி தங்கிப் படிக்கும் விடுதியின் வார்டன். எட்டாவதோடு நின்றுபோன தமயந்திக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டித்தான் வரும். ‘யாழினி அட்மிட்டெட்’ என்பதற்கு மேல் அவள் கண் நகரவில்லை.

மாமியாருக்கு மூச்சு இரைத்தபோது அட்மிட். கணவன் கண்ணாயிரம் தறிக்குழியிலேயே மயங்கிச் சாய்ந்தபோது அட்மிட். வேறு அட்மிட் எதுவும் அவளுக்குத் தெரியாது.

ஈரக்கையோடு கீழே ஓடிவந்து, நல்ல புடவை ஒன்றை உருவிக் கட்ட ஆரம்பித்தாள். “துர்கா, ஆட்டோ கூப்புடுடி! பாப்பாவ ஆஸ்பத்திரில சேத்துட்டாங்கோ!”

மூத்த மகள் துர்கா போனை வாங்கி முழுவதும் படித்தாள்.

“அய்ய, அழுவாதம்மா. இங்க அட்மிட்னா ஒத்துக்கினான்னு அர்த்தம். உடம்புக்கு ஒண்ணுமில்ல.”

தமயந்தி அப்படியே கட்டிலில் உட்கார்ந்தாள். கொசுவம் கையிலேயே இருந்தது. “இன்னாத்த ஒத்துக்கினா?”

“ஞாயித்துக்கெழம கேக்காம வெளிய போனாளாம்.”

“வெளியன்னா எங்க?”

“அது போடல.”

இறங்கிய பாரம் மறுபடி நெஞ்சில் ஏறியது. அந்த ஞாயிற்றுக்கிழமை துர்காவும் வீட்டில் இல்லை. தோழிக்கு நிச்சயதார்த்தம் என்று வாலாஜாபாத் போனவள், இருட்டிய பிறகுதான் திரும்பினாள்.

“ஏண்டி, அன்னிக்கு அவளும் உங்கூடத்தான் இருந்தாளா?”

துர்கா போனைக் கட்டிலில் வைத்தாள். அம்மாவின் முகத்தைப் பார்க்காமலே அறையை விட்டு வெளியே போனாள்.