வெளியேறுவோருக்கான பக்கம்

என் அண்ணா எழுதிய மென்பொருளை எங்கள் கொம்பனியிலிருந்து கழற்றும் வேலை என் தலையில்தான் விழுந்தது. அதைக் கொண்டுவந்து சேர்த்தவளே நான் என்பதால் அதன் மூலைமுடுக்கெல்லாம் எனக்குத் தெரியும் என்றார் மேலாளர். என்னைப் புகழ்ந்ததாக நினைத்துக்கொண்டார், பாவம்.

அண்ணா செய்தது ஒரு பாக்-எண்ட் பிரேம்வேர்க். இணையத்தளம் என்றால் சனம் பார்ப்பது முன்பக்கத்தைத்தான். பின்னால் ஒரு குசினி இருக்கிறது. வருபவர் யார் என்று பார்ப்பது, கேட்டதை எடுத்துக் கொடுப்பது, தந்ததைப் பத்திரப்படுத்துவது எல்லாம் அங்கேதான். ஒவ்வொருவரும் அந்தக் குசினியை அத்திவாரத்திலிருந்து கட்டி மாயாமல், அடுப்பும் தண்ணீர்க் குழாயும் பூட்டி ஆயத்தமாகக் கொடுப்பதுதான் பிரேம்வேர்க். அண்ணா அதை ஓபன் சோர்ஸாகப் போட்டிருந்தார். யாரும் இலவசமாக எடுக்கலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், பிழை கண்டால் திருத்தியும் தரலாம். எடுத்தவர்கள் பலர், திருத்தித் தந்தவர்கள் மிகச் சிலர். அந்தச் சிலரும் பெரிய கொம்பனிகளின் ஆதரவுள்ள பிரேம்வேர்க்குகளின் பக்கம் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள்.

அண்ணா மட்டும் மிஞ்சினார், நகரத்தின் நடுவே சென் ஜேம்ஸ் ரவுணில், நாங்கள் அகதிகளாக வந்து இறங்கிய அதே மாடிக் கட்டடத்தில். கலியாணம் செய்யவில்லை. நான் நகரத்துக்கு வெளியே பிக்கரிங்கில் வீடு வாங்கியபோது கூட வரும்படி கெஞ்சினேன். "அங்க வந்து என்ன, புல்லு வெட்டவோ?" என்று கேட்டுவிட்டுக் கணினிப் பக்கம் திரும்பிவிட்டார்.

சிறுநீரகங்கள் பழுதானபோது, இரத்தத்தை மெஷினில் விட்டுச் சுத்தம் செய்யும் டயாலிசிஸ் வேண்டாம் என்றுதான் முதலில் ஒற்றைக்காலில் நின்றார். அம்மா அந்த மெஷினோடு கிடந்து வாடியதை நாள்தோறும் பார்த்தவர் அவர். டொக்டர் சொன்னார், நான் அழுதேன், ஒன்றும் எடுபடவில்லை. அந்த நேரம் பார்த்து யாரோ பிரேம்வேர்க்கில் ஒரு பாதுகாப்பு ஓட்டையைக் கண்டுபிடித்து அறிவித்தார்கள். "உதை அடைச்சுப்போட்டுப் பாப்பம்" என்று ஊசிக்குக் கையை நீட்டினார். ஓட்டை அடைபட முன் இன்னொன்று வந்தது. அப்படியே செவ்வாய், வியாழன், சனி என்று ஆஸ்பத்திரிக்குப் போகத் தொடங்கினார்.

ஊசி ஏறிய கையை அசைக்கக்கூடாது. மற்றக் கையால் தட்டித் தட்டி, முன்பின் தெரியாதவர்களின் கேள்விகளுக்குப் பதில் எழுதுவார். இந்த பிரேம்வேர்க் செத்துப்போய்விட்டதா என்று ஒருவன் பொதுவில் கேட்டிருந்தான். ஒரு வணக்கம்கூட இல்லை. அண்ணா மரியாதையாக, இல்லை, அடுத்த மாதம் புதிய பதிப்பு வருகிறது என்று எழுதினார். எனக்கு அவனைத் தேடிப்பிடித்து அறையவேண்டும் போலிருந்தது. ஆனால் அப்படிப்பட்டவர்கள்தான் அண்ணாவை அந்த டயாலிசிஸ் கதிரைக்குக் கூட்டிப்போகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். தன்னை நம்பி ஆட்கள் இருக்கிறார்கள் என்ற எண்ணம் போனால் அவர் மெஷினையும் விட்டுவிடுவார். அதனால் கழற்றும் கதையைப் பற்றி நான் அவரிடம் மூச்சுவிடவில்லை.

எங்கள் கொம்பனி, வயதானவர்களின் வீடுகளுக்குப் பராமரிப்பாளர்களை ஒழுங்குபண்ணும் இணையத்தளம் ஒன்றை நடத்துகிறது. பாதுகாப்பைச் சோதிக்க வந்தவர்கள், இந்த பிரேம்வேர்க்கை எத்தனை பேர் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்டார்கள். ஒருவர் என்றேன். அந்த ஆளை நாளைக்கு ஒரு பஸ் அடித்தால் என்ன செய்வது என்றார் மேலாளர். எங்கள் தொழிலில் இது எல்லோரும் வழக்கமாகக் கேட்கும் கேள்வி, குற்றம் சொல்ல முடியாது. மேசையைச் சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அந்த ஆள் என் அண்ணா என்று அங்கே எவருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் சிரித்திருக்கமாட்டார்கள், ஆனால் முடிவு மாறியிருக்காது. முடிவு சரியானது என்பதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

வேலை பாஸ்வேர்ட்டுகளில் வந்து சிக்கியது. பாஸ்வேர்ட்டை யாரும் உள்ளபடி வைத்திருப்பதில்லை. அதனோடு வேறு எழுத்துகளைக் கலந்து, திரும்பப் பிரிக்கமுடியாதபடி அரைத்து வைப்பார்கள். அண்ணா அரைத்த விதம் தெரிந்தால்தான் புதிய இடத்திலும் அதே ஆட்கள் அதே பாஸ்வேர்ட்டோடு உள்ளே வரலாம். எல்லாம் திறந்துதானே கிடக்கிறது, வாசித்தேன். புதியவர்களின் கணக்குகள் பொருந்தின. ஆரம்பத்தில் சேர்ந்தவர்களின் கணக்குகள் மட்டும் என்ன செய்தும் பொருந்தவில்லை. அவர்களில் பலர் தனியே இருக்கும் கிழவர்கள். பாஸ்வேர்ட்டை மாற்றுங்கள் என்று மின்னஞ்சல் அனுப்பினால், பாதிப்பேர் பயந்துபோய்த் தளத்தையே விட்டுவிடுவார்கள். பிறகு அவர்களைக் குளிக்க வார்க்க ஒருவரும் வரமாட்டார்கள். கேட்கக்கூடிய ஆள் உலகத்திலேயே ஒருவர்தான்.

சனிக்கிழமை காலை ஆஸ்பத்திரியில், அண்ணாவின் கதிரைக்குப் பக்கத்தில் இருந்து, பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். ஏதோ சும்மா அறியும் ஆவலில் கேட்பதுபோல முகத்தையும் வைத்துக்கொண்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். "உது உள்ளுக்கு இருக்கிறவைக்குத் தேவையில்லாத கேள்வி. கழட்டுறியளோ?"

"ஓம்."

"எப்ப தொடங்கினனியள்?"

"பனி கொட்ட முந்தியே. நான் வேண்டாமெண்டு சொன்னனான், அண்ணா."

"ஏன் அப்பிடிச் சொன்னனீ? என்னை மாதிரி ஒரு ஆளை நம்பிக் கிழடுகட்டையளை விடலாமோ? என்னைக் கேட்டிருந்தாலும் கழட்டத்தான் சொல்லியிருப்பன்."

ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் பாட்டுக்கு விளக்கத் தொடங்கினார். முதலில் கலக்கும் எழுத்துகளைப் பாஸ்வேர்ட்டுக்குப் பின்னால் ஒட்டினாராம், பிறகு முன்னால் மாற்றினாராம். பழைய கணக்குகளைச் சரிபார்க்கும் நிரல் துண்டு வேறோர் இடத்தில் கிடக்கிறது, அதுதான் என் கண்ணில் படவில்லை. சொல்லி முடித்துவிட்டு, "கொம்பியூட்டரை எடு" என்றார். "உனக்கு மட்டும் சொன்னால் காணாது. மற்றவையும் இதில வந்து இடறுவினம்." தனியாகக் கேட்ட கேள்விக்கும் பொதுவில்தான் பதில் எழுதுவது அவருடைய வழக்கம். தங்கச்சிக்கும் அதே சட்டம்தான்.

அவர் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். இந்த பிரேம்வேர்க்கை விட்டுப் போவது எப்படி என்று ஒரு முழுப்பக்கம். எதை முதலில் பிரதி எடுக்கவேண்டும், எதைக் கடைசிவரை தொடக்கூடாது, தன்னுடையதைவிட எந்தெந்தப் பிரேம்வேர்க் இப்போது நல்லது என்பதுவரை சொன்னார். அந்த இடத்தில் எனக்கு விரல் ஓடவில்லை. "எழுதன்" என்றார்.

பக்கம் வெளியானதும் எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வந்தார்கள். ஒரு பிழையைக்கூடத் திருத்தித் தராதவர்கள், நாங்களும் இதைத்தான் பாவிக்கிறோம், எப்படிப் போவது என்று விசாரித்தார்கள். இத்தனை பேர் உள்ளே இருந்தார்கள் என்பதே அவர்கள் வெளியேறும்போதுதான் தெரிந்தது. அண்ணா ஒவ்வொருவருக்கும் பதில் எழுதினார். அந்த மாதங்களில் அவர் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. சாப்பாடும் கொஞ்சம் இறங்கியது. ஆள் தேறிவருகிறார் என்று நான் நம்பினேன், அவ்வளவு மடைச்சி.

எங்கள் கொம்பனியில் பழையதை நிறுத்திய அன்று மேலாளர் எல்லோருக்கும் டோனட் வாங்கிவந்தார். நான் தொடவில்லை. சனிக்கிழமை அண்ணா கேட்டார், "பழைய ஆக்கள் எல்லாரும் உள்ளுக்கு வந்திச்சினமோ?"

"வந்திச்சினம். ஒருத்தரும் பாஸ்வேர்ட் மாத்தேல்லை."

"அப்ப சரி." மெஷினைக் கண்ணால் காட்டினார். "மற்றவையும் போயிட்டினம். இப்ப என்னட்டை ஒருத்தரும் ஒண்டும் கேக்கிறேல்லை. இனிச் செவ்வாய்க்கிழமை நான் வரேல்லை. டொக்டரிட்டையும் சொல்லிப்போட்டன்."

"நான் இருக்கிறன் தானே, அண்ணா?"

"நீ சமாளிப்பாய்."

கெஞ்சினேன், கத்தினேன், கதைக்காமலும் இருந்து பார்த்தேன். டொக்டரோ, மெஷின் இல்லாமல் ஒன்றிரண்டு கிழமைதான், ஆனால் அது அவருடைய உரிமை, வலி தெரியாமல் பார்த்துக்கொள்வோம் என்றார். எனக்கு எல்லோர் மேலும் ஆத்திரமாக வந்தது, அதிகமாக அண்ணாவின் மேல்தான். முன்பின் தெரியாதவர்களுக்காக ஊசி குத்தக் கொடுத்த கையை எனக்காகக் கொடுக்கமாட்டாராம்.

செவ்வாய்க்கிழமை நான் லீவு போட்டுவிட்டு அவரோடு இருந்தேன். அவரை ஏற்றிப்போகும் ஆஸ்பத்திரி வானை யாரும் நிறுத்தியிருக்கவில்லை, வழக்கம்போல வந்து கட்டடத்தின் கீழே நின்றது. அண்ணா போர்வையை இழுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். நான்தான் இறங்கிப் போய், இன்றைக்கு வரமாட்டார் என்று வான்காரரிடம் சொன்னேன். வியாழக்கிழமையும் வரவேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வியாழக்கிழமையும் அது வந்து நின்றது.